ஏழு பெண்கள், நான்கு டவுன் பஸ், ஒரே ஓர் ஆட்டம்

காலை ஐந்தே காலுக்கு எழுமலையில் இறங்கினேன். உசிலம்பட்டியிலிருந்து வரும் முதல் பஸ், டிக்கெட் பதினைந்து ரூபாய். டீக்கடையில் பால் இன்னும் காயவில்லை. நாய்கள் மட்டும் விழித்திருந்தன.

நான் செக்கானூரணிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர். நிரந்தர வேலை இல்லை, தொகுப்பூதியம். அன்று நான் போக வேண்டிய இடம் அலங்காநல்லூர் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய கல்லூரி. அங்கே கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்துப் போட்டி, ஓர் ஆட்டம் தோற்றால் வெளியே. அலங்காநல்லூர் மதுரைக்கு வடக்கே இருக்கிறது, எழுமலை மேற்கே ஒரு மூலையில் கிடக்கிறது. எதிர்த்திசைக்கு ஏன் வந்தேன் என்றால், என் அணியில் பந்தைக் கூடையில் போடத் தெரிந்த ஒரே பெண் இங்கே இருக்கிறாள்.

பெயர் பாண்டீஸ்வரி. இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கிறாள். கிட்டத்தட்ட ஆறடி உயரம். எழுமலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூர்க்காரி. ஊர் பெயரை எழுதப் போவதில்லை. அவள் இனியும் அங்கே வாழ வேண்டும்.

அந்த ஊரில் அந்த வாரம் சாமி சாட்டியிருந்தார்கள். அம்மன் கோயில் பொங்கலை ஊருக்கு அறிவிப்பதுதான் சாட்டு. சாட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. முளைப்பாரி போட்ட பெண்களுக்கு இன்னும் கெடுபிடி அதிகம். பொழுது சாயும்போது பாரி வளர்க்கும் வீட்டில் இருந்து கும்மி கொட்டியாக வேண்டும். பாண்டீஸ்வரி பாரி போட்டிருந்தாள். அவள் அப்பா தவமணியிடம் மூன்று முறை போனில் கெஞ்சினேன். நானே நேரில் வந்து கூட்டிப்போக வேண்டும், தானும் கூடவே வருவேன், விளக்கு வைக்கும் முன் பிள்ளை ஊருக்குள் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளோடு சம்மதித்தார்.

ஐந்தரைக்கு இருவரும் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார்கள். தவமணி ஒல்லியான ஆள். வேலை கொத்தனார் வேலை, கொஞ்சம் மானாவாரி நிலம். மகள் அவரைவிட ஒரு தலை உயரம்.

"எத்தன மணிக்கு சார் ஆட்டம்?"

"பதினோரு மணிக்கு. பன்னெண்டரைக்கெல்லாம் முடிஞ்சிரும். அஞ்சு மணிக்கெல்லாம் நீங்க வீட்ல இருப்பீங்க."

"எழுதிக் குடுத்திருக்காகளா?"

"கொடுத்திருக்காங்க."

"அப்பச் சரி" என்றார். எழுதிக் கொடுத்தால் நடக்கும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன் நம்பியிருக்கக் கூடாது.

உசிலம்பட்டிக்கு டவுன் பஸ். எங்கள் அணி எங்கே போனாலும் டவுன் பஸ்ஸில்தான் போகும். அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. தூரப் பஸ்ஸில் ஏறினால் காசு. கல்லூரி எங்களுக்குப் பயணப்படி தருவதில்லை. ஆகவே ஒரு டவுன் பஸ் எங்கே முடிகிறதோ அங்கே இறங்கி அடுத்ததைப் பிடிப்போம். ஒன்றரை மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்கு நான்கு மணி நேரம் ஆகும். இலவசப் பஸ் மட்டும் இல்லையென்றால் இந்த அணியே இல்லை. அன்று கண்டக்டரிடம் நானும் தவமணியும் மட்டும் டிக்கெட் எடுத்தோம்.

"பொம்பளப் புள்ளைய வச்சு டீம் போட்டதுக்கு இதான் காரணமா சார்?" என்றார் தவமணி. சிரிப்பு வரவில்லை, ஆனால் அது உண்மைதான்.

வெளியே வெளிச்சம் வந்தது. சோளத்தட்டை நின்ற காடுகள், கருவேல், தண்ணீரில்லாத கண்மாய். மழை வந்திருக்க வேண்டிய மாதம். வரவில்லை. பாண்டீஸ்வரி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். அப்போதுதான் தவமணியிடம் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் யாருக்கும் சொல்லாத விஷயம்.

கல்லூரிச் செயலர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மூன்று வருடமாக ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இந்த முறை ஒன்றே ஒன்று ஜெயித்தால் அணி இருக்கும். இல்லையென்றால் கூடைக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கல்லூரிப் பஸ்களுக்கு ஷெட். ஷெட்டுக்கான தகரம் ஏற்கெனவே வந்து ஆடுகளத்தின் ஓரத்தில் அடுக்கியிருக்கிறது. பிள்ளைகள் கேட்டதற்கு, வேறு ஏதோ கட்டடத்துக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தவமணி கேட்டுக்கொண்டே வந்தார். "அந்தக் கம்பம் நீங்க நட்டதா சார்?"

"நானும் பிள்ளைகளும்."

அது உண்மை. கம்பங்கள் வறண்டுபோன போர்வெல்லிலிருந்து உருவிய குழாய்கள். பலகைகள், வகுப்பறையில் டி.வி. மாட்டியதும் தூக்கிப் போட்ட கரும்பலகைகள். வளையத்தை உசிலம்பட்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கம்பியை வளைத்துச் செய்தோம். தரை வெறும் மண். தினமும் காலையில் பிள்ளைகள் தண்ணீர் தெளித்து, கோலப்பொடியில் கோடு போட்டுவிட்டு ஆடுவார்கள். முதல் வருடம் ஒரு கம்பத்துக்குத்தான் வழி இருந்தது. ஒரே பக்கமாகப் போட்டுப் பழகினார்கள். முதல் போட்டிக்குப் போனோம். இடைவேளைக்குப் பிறகு இரு அணிகளும் பக்கம் மாற வேண்டும். என் பிள்ளைகள் மாறாமல் பழைய பக்கமே ஓடி எங்கள் கூடையிலேயே பந்தைப் போட்டார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எதிரணிப் பெண் ஒருத்தி கைதட்டி, "இன்னொண்ணு போடுங்கக்கா" என்றாள். அன்று திரும்பி வந்து என் சொந்தச் செலவில் இரண்டாவது கம்பத்தை நட்டேன்.

ஏழே முக்கால் மணிக்குச் செக்கானூரணி. மற்ற ஆறு பேரும் ஒரே நிற நைட்டித் துணியில் தைத்த பைகளோடு நின்றார்கள். கேப்டன் ஸ்டெல்லா. அவள் அம்மா ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. ஸ்டெல்லாவுக்குக் குரல்தான் பலம்.

"ஏண்டி பாண்டி, கும்மி கொட்டிக் கொட்டிக் கை மரத்துப்போச்சா, இல்ல பந்து பிடிக்குமா?"

"ஒன் கன்னத்துல வச்சுப் பாக்கவா?"

"அப்பா கூட வந்திருக்காரு, மரியாதையாப் பேசு."

தவமணி, "அவ மரியாதைய நீதாம்மா கத்துக் குடுக்கணும்" என்றார். பிள்ளைகள் மொத்தமும் சிரித்தார்கள்.

நாகமலைப் புதுக்கோட்டை, கீழக்குயில்குடி விலக்கு, வலப்பக்கம் சமணர் மலையின் பாறை. கூட்ட நேரம். ஒற்றைக் காலில் நின்றபடி பெரியார் பஸ் நிலையம் வந்தோம். தள்ளுவண்டியில் ஆளுக்கு மூன்று இட்லி. அலங்காநல்லூர் டவுன் பஸ் அரை மணி நேரம் வரவில்லை. வந்த பஸ் வைகையைத் தாண்டியதும் ஊரின் நிறமே மாறியது. கால்வாய்ப் பாசனம். நெல், கரும்பு, தென்னை. தவமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு வரப்புகளையே பார்த்தார்.

"இங்கிட்டுத் தண்ணி கெடக்கு. இவுகளுக்குச் சாட்டு எதுக்கு" என்றார்.

பத்தேகாலுக்குக் கல்லூரி வாசல். உள்ளே போனோம். நீலமும் பச்சையுமாக வண்ணத் தரை. கண்ணாடிப் பலகை. நைலான் வலை. நான்கு மூலையிலும் விளக்குக் கோபுரம். வீராங்கனைகளுக்குத் தனிக் கழிப்பறை. ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு தரையைக் காலால் தடவிப் பார்த்தாள்.

"சார், இதுல தண்ணி தெளிக்க வேண்டாம்ல?"

எனக்கு எரிந்தது. அவள் மேல் இல்லை.

பதினோரு மணி ஆனது. ஆட்டம் தொடங்கவில்லை. நடத்தும் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரிடம் போனேன். கழுத்தில் விசில், கையில் பொன்னாடைப் பொட்டலங்கள்.

"சீஃப் கெஸ்ட் வந்துக்கிட்டிருக்காரு சார். அவர் வந்து பிள்ளைகள்ட்டக் கைகுடுத்து, மொதப் பந்தப் போட்டாத்தான் மேட்ச்."

"அவரு வரட்டும். அதுவரைக்கும் ஒரு மேட்ச் ஓட்டுங்க. எங்க புள்ளைக்கு அவசரம்."

"துவக்க விழாவுக்கு முன்னாடி மேட்ச் ஆடுனா அப்புறம் எதுக்கு சார் துவக்க விழா?"

எங்களோடு மோத வேண்டியது ஒரு நகரக் கல்லூரி. அவர்களுடைய பயிற்சியாளர் ஒரு பெண். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னோடு வந்து, "எங்களுக்கு ஆட்சேபணை இல்ல சார், பக்கத்துல பழைய கோர்ட்டு இருக்குல்ல, அங்க ஆடிக்கிறோம்" என்றார். இயக்குநர் காதில் வாங்கவில்லை. விருந்தினர் வரும்போது எல்லா அணிகளும் சீருடையில் வரிசையாக நிற்க வேண்டும், ஓர் அணி குறைந்தாலும் போட்டோவில் தெரியும் என்றார். ஒரு போட்டோவுக்காக. இதை நான் மிகைப்படுத்தி எழுதவில்லை. அவர் சொன்ன வார்த்தை அதுதான்.

பன்னிரண்டு. ஒன்று. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு முறை வாசலில் கார் சத்தம் கேட்கும்போதும் நாதஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்குவார். பால் வண்டியாக இருக்கும். நிறுத்திவிடுவார்.

தவமணி மர நிழலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தார். "இங்கயும் சாமி வந்துதான் சாட்டணும்போல" என்றார்.

"இந்தச் சாமிக்கு நேரங்காலம் கிடையாது அண்ணே."

"எங்க ஆத்தா அப்படியில்ல. பொழுது சாஞ்சா சாஞ்சதுதான்."

இரண்டு மணிக்கு விருந்தினர் வந்தார். கைகொடுத்தார், போட்டோ எடுத்தார்கள், பேசினார். விளையாட்டு ஒழுக்கத்தையும் நேரம் தவறாமையையும் கற்றுத்தருகிறது என்று பேசினார். கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு வேறு வேலை என்ன? முதல் பந்தைப் போட்டார், அது பலகையில்கூடப் படவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர் பார்ப்பதற்காக, போட்டியை நடத்தும் கல்லூரியின் ஆட்டம் முதலில். எங்களுடையது அடுத்தது.

கணக்குப் பார்த்தேன். பஸ்ஸில் போவதென்றால் பாண்டீஸ்வரி அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். மதுரையில் கார் ஓட்டும் என் பழைய மாணவன் முருகேசனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, அலங்காநல்லூருக்கு வாடா, எழுமலைக்கு ரெண்டு பேர விடணும்." அவன் மறு பேச்சுப் பேசாமல் வந்து வாசலில் காரை நிறுத்தினான். நாலரைக்குக் கிளம்பினால் ஆறேகாலுக்குள் ஊர். அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்று தவமணி சொல்லிவிட்டார்.

மூன்றே முக்காலுக்கு எங்கள் ஆட்டம் தொடங்கியது.

என் பிள்ளைகள் மண்ணில் பழகியவர்கள். மண்ணில் பந்து சரியாக எழும்பாது, ஈரம் இருந்தால் செத்துவிடும். அதனால் தட்டிக்கொண்டு ஓடும் வழக்கமே எங்களுக்கு இல்லை. கையிலிருந்து கைக்கு எறிந்தே போவோம். எங்களுக்கு வேறு வழி தெரியாது. அந்த வழுவழுப்பான தரையில் அது நகரப் பெண்களைத் திணறடித்தது. அவர்கள் பந்தைத் தேடி ஓடினார்கள், பந்து அதற்குள் இன்னொருத்தி கையில் இருந்தது. கடைசியில் எல்லாப் பந்தும் மேலே, பாண்டீஸ்வரியின் கைக்குப் போய்ச் சேரும். அவள் திரும்பிப் போடுவாள். விழும்.

இடைவேளையில் இருபத்தொன்றுக்குப் பதினான்கு. நாங்கள் முன்னால்.

மூன்று வருடத்தில் இடைவேளையில் நாங்கள் முன்னால் இருந்தது அதுதான் முதல் முறை. ஸ்டெல்லா தண்ணீர் குடிக்க மறந்து பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தாள். தவமணி எழுந்து கோட்டருகே வந்து நின்றார். "நல்லாத்தான் ஆடுறாக" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். மகள் ஆடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பக்கம் மாறினார்கள். மூன்றாவது பகுதி. இருபத்தாறுக்குப் பதினெட்டு. மணி நாலு இருபத்தேழு.

வாசலில் முருகேசன் ஹாரன் அடித்தான். தவமணி என்னைப் பார்த்தார். நான் இடைநிறுத்தம் கேட்டேன். பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

"அண்ணே, இன்னும் ஒரு இருபது நிமிசம்" என்றேன். "கால்ல விழச் சொன்னா விழுறேன்."

"அப்படியெல்லாம் பேசாதீக சார்." வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்ல. நான் மட்டும்னா இருந்துருவேன். ஊரே வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கு. நாளைக்கு மழ பெய்யலைன்னாலும், பாரி வெளுத்தாலும் எம் புள்ளையத்தான் சொல்லுவாக. காலம் பூராச் சொல்லுவாக."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்த ஊரை எனக்குத் தெரியும். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லாமல் போனது. அதுதான் அன்று எனக்கு நடந்த மோசமான காரியம்.

பாண்டீஸ்வரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "நான் போறேன் சார். இன்னைக்கு நான் போகலைன்னா அடுத்த வருசம் எங்க ஊர்லயிருந்து ஒரு புள்ளையக்கூட ஆட விட மாட்டாக. சொன்ன நேரத்துக்குப் போனாத்தான் நம்புவாக."

அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது அந்த இடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் தவமணிக்கும். நான் வாயைத் திறந்து அந்தத் தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நின்றுவிடுவாள். அவள் குணம் அப்படி. ஆட்டமும் எங்களுடையதாகும். பிறகு அவள் அந்த ஊரில் இருக்க வேண்டும்.

தவமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போம்மா" என்றேன்.

அவள் சீருடையோடே ஓடினாள். பையை ஸ்டெல்லா பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதன் பிறகு நடந்ததை நீட்டி எழுத ஒன்றுமில்லை. பந்து கைகளில் மாறி மாறி மேலே போனது, வாங்க உயரமான ஆள் இல்லை. இருந்தாலும் என் பிள்ளைகள் விடவில்லை. ஸ்டெல்லா தொண்டை கிழியக் கத்தினாள். முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. கடைசி நிமிடத்தில் சமன் செய்ய ஒரு வாய்ப்பு வந்தது. அவள் தூரத்திலிருந்து எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே வந்து விழுந்தது. அவர்கள் முப்பத்தாறு, நாங்கள் முப்பத்து மூன்று.

இயக்குநர் வந்து கைகொடுத்தார். "நல்ல ஃபைட் குடுத்தீங்க சார். அந்த ஒசரமான பொண்ணு எங்க போயிருச்சு?" என்றார். காலையிலிருந்து அவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அடித்திருக்கலாம். அடித்தால் இருக்கும் வேலையும் போகும்.

ஆறு மணிக்கு மேல் பெரியாருக்குப் பஸ் கிடைத்தது. அங்கிருந்து செக்கானூரணி டவுன் பஸ். ஸ்டெல்லா கேட்டாள்: "சார், நாளைக்கு பிராக்டீஸ் எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

சொந்த ஊர் திரும்பும் எல்லோரும் போன இடத்தையும் இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டு ஏதாவது எழுதுவார்கள். நானும் ஒப்பிட்டேன். அங்கே தரை இருக்கிறது, பலகை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. ஒரு சால்வைக்காக இவற்றையெல்லாம் மூன்று மணி நேரம் சும்மா போட்டு வைக்கும் தைரியமும் இருக்கிறது. இங்கே மண்ணும் பிள்ளைகளும் மட்டும். எங்களிடம் வீணடிக்க ஒரு நிமிடம்கூட இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

போன் அடித்தது. பாண்டீஸ்வரி. பின்னால் குலவைச் சத்தம்.

"வந்து சேர்ந்துட்டேன் சார். விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டோம். ஜெயிச்சோமா?"

"இல்லம்மா."

"எம்புட்டுல?"

"மூணு."

"நான் இருந்திருந்தா..." என்றாள்.

"ஜெயிச்சிருப்போம்" என்றேன். ஆறுதலுக்குப் பொய் சொல்ல எனக்கு வராது.

போன் தவமணி கைக்கு மாறியது. "சார். கோவமா இருக்கீகளா?"

"ஆமா."

"இருக்கணும்ல." கொஞ்சம் தள்ளி வந்து பேசுகிறார் போலிருந்தது, சத்தம் குறைந்தது. "சொன்ன நேரத்துக்கு வந்ததப் பூராப் பேரும் பாத்தாக. இப்பவே ரெண்டு வீட்ல பேசிட்டேன் சார். பன்னெண்டாவது படிக்கிற புள்ளைக. அடுத்த வருசம் ஒங்க காலேஜுக்கு அனுப்புறேன்னுட்டாக. ஒருத்தி எம் மகளவிட ஒசரம்."

"ஆடுற எடமே இருக்காதுன்னு காலையில சொன்னேனேண்ணே."

"சொன்னீக. அத நீங்க பாருங்க. புள்ளைகளுக்கு நான் சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டார். பஸ் நாகமலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. காலையில் செயலரிடம் என்ன சொல்வது என்று செக்கானூரணி வரைக்கும் யோசித்தேன்.